வீட்டு ரவுட்டரின் மீது வீட்டாருக்கே உரிமை: கொள்கைப் பிரகடனம்

ஒரு வீட்டின் வைஃபை பெட்டிக்குள் ஓடும் மென்பொருளை யார் மாற்றினார்கள், எப்போது மாற்றினார்கள், எதற்காக மாற்றினார்கள் என்பது அந்த வீட்டாருக்குத் தெரிய வேண்டும். மாற்றியதால் கோளாறு வந்தால் முந்தைய நிலைக்குத் திரும்ப வழி இருக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கும் பெட்டிக்கு எந்த ஆண்டுவரை பாதுகாப்பு அப்டேட் வரும் என்பது வாங்கும்போதே தெரிய வேண்டும். இந்த மூன்றையும் கேட்டுப் பெறவே இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

எங்களில் கேபிள் ஆபரேட்டர்கள் உண்டு. ஃபைபர் லைன் இழுப்பவர்கள் உண்டு. கணினி ஆசிரியைகளும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களும் உண்டு. “நெட் வரலை” என்ற குரல் எழுந்ததும் வீட்டில் எல்லோரும் யாரைத் திரும்பிப் பார்க்கிறார்களோ, அந்த அக்காக்களும் தம்பிகளும்தான் எங்களில் அதிகம். தேர்வு விண்ணப்பத்தின் கடைசி நாளும், மருத்துவரோடு வீடியோவில் பேச வாங்கிய நேரமும், துபாயிலிருந்து மகன் கூப்பிடும் மாலையும் அந்தச் சின்னப் பெட்டியை நம்பி இருக்கின்றன என்பதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். அதனால்தான் இதை ஒரு தொழில்நுட்பப் பொழுதுபோக்காக எங்களால் பார்க்க முடியவில்லை.

அப்டேட் இறங்கிய மறுநாள் காலை

ரவுட்டர், கேமரா, டிவி, பிரிண்டர், ஸ்மார்ட் பல்பு என ஒவ்வொரு கருவிக்குள்ளும் அதை இயக்கும் அடிப்படை மென்பொருள் ஒன்று பதிந்திருக்கிறது. அதுதான் ஃபர்ம்வேர். அது பெரும்பாலும் நள்ளிரவு தாண்டி, வீடு தூங்கும் நேரத்தில் மாற்றப்படுகிறது. காலையில் வீட்டார் காண்பது விளைவை மட்டும்தான். போன் வைஃபையில் சேர்கிறது, பிரிண்டர் சேரவில்லை. டிவியில் படம் ஓடுகிறது, வாசல் கேமரா ஆஃப்லைன் என்கிறது. நான் எதையும் தொடவில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மை.

என்ன மாறியது என்று தெரிந்தால் இது சில நிமிட வேலை. புதிய ஃபர்ம்வேர் வைஃபையின் பாதுகாப்பு முறையை டபிள்யூ.பி.ஏ. 2-இலிருந்து டபிள்யூ.பி.ஏ. 3-க்கு மாற்றியிருக்கலாம். பழைய பிரிண்டருக்கு அது புரியாது, கதவருகிலேயே நின்றுவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று தனித்தனிப் பெயர்களில் இருந்த இரண்டு அலைவரிசைகளையும் ஒரே பெயருக்குள் கொண்டுவந்திருக்கலாம். 2.4-இல் மட்டும் இயங்கும் பல்பும் கேமராவும் தங்களுக்குப் பழக்கமான பெயரைத் தேடி, கிடைக்காமல் விழிக்கும். வீட்டுக்குள் வழங்கும் ஐ.பி. முகவரிகளின் வரிசை மாறியிருக்கலாம். பிரிண்டர் புது முகவரிக்குப் போயிருக்க, கணினி இன்னும் பழைய முகவரியில் அதைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். இணைப்பு நிறுவனம் கொடுத்த பி.பி.பி.ஓ.இ. யூசர்நேமும் வி.லேன் எண்ணும் அழிந்துபோயிருந்தால் நிலைமை இன்னும் குழப்பும். வைஃபை முழுக் கோடுகளோடு இருக்கும், ஒரு பக்கம்கூடத் திறக்காது.

சில நேரம் ரவுட்டரின் மேல் தவறே இருக்காது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020-இல் வந்த ஐ.ஓ.எஸ். 14 முதல், போன்கள் தங்கள் அசல் மேக் முகவரியை, அதாவது கருவியின் அடையாள எண்ணை, வைஃபைக்கு இயல்பாகக் காட்டுவதில்லை. ஒவ்வொரு வைஃபைக்கும் வெவ்வேறு முகவரியை உருவாக்கிக் காட்டுகின்றன. போகுமிடமெல்லாம் ஒருவரைப் பின்தொடர முடியாதபடி காக்கும் நல்ல ஏற்பாடு அது. ஆனால், பதிவு செய்த மேக் முகவரிகளை மட்டும் உள்ளே விடும்படி வைத்திருந்த வீடுகளில் புதுப் போன் வெளியே நின்றது. பழியை ரவுட்டர் சுமந்தது.

இப்படி ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு காரணம் உண்டு, அதற்கொரு தீர்வும் உண்டு. இல்லாதது தகவல் ஒன்றுதான். கஸ்டமர் கேரில் கேட்டால் “ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்கிறார்கள். அதற்கும் சரியாகாவிட்டால் ரீசெட் பட்டனை அழுத்தச் சொல்கிறார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து இரவோடிரவாக அனுப்பிய அப்டேட்டுக்காகத் தெருமுனையில் ஏணியோடு நிற்கும் லைன்மேன் திட்டு வாங்குகிறார். அவருக்கும் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். வீட்டுக்காரரும் கேபிள்காரரும் ஒருவரை ஒருவர் சந்தேகப்படும்படி செய்தது மேலிடத்தின் இந்த மௌனம். இந்த இயக்கத்தில் இருவரும் ஒரே பக்கம் நிற்கிறோம்.

அப்டேட்டை நாங்கள் எதிர்க்கவில்லை

எதுக்கு வம்பு, ஆட்டோ அப்டேட்டை அணைத்துவிடு என்ற அறிவுரை நம் ஊரில் தாராளமாகக் கிடைக்கிறது. அந்த அறிவுரையை இந்த இயக்கம் வெளிப்படையாக நிராகரிக்கிறது. காரணங்கள் நடந்து முடிந்த வரலாற்றில் இருக்கின்றன.

2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்கள் பல மணி நேரம் தடுமாறின. அவற்றுக்கு முகவரி காட்டும் சேவையை அளித்த டைன் நிறுவனத்தின் மீது மிராய் என்ற தீநிரலின் படை பாய்ந்ததுதான் காரணம். அந்தப் படையில் இருந்தவை பெரிய கணினிகள் அல்ல. தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டோடு அப்படியே மாட்டிவிடப்பட்ட வீட்டுக் கேமராக்கள், ரவுட்டர்கள். அடுத்த மாதமே மிராயின் இன்னொரு வடிவம் ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்களின் சுமார் 9 லட்சம் ரவுட்டர்களை முடக்கியது. ரவுட்டர்களைத் தூரத்திலிருந்து நிர்வகிப்பதற்கென ஒதுக்கிய 7547 என்ற போர்ட் வழியாகத் தாக்குதல் வந்தது. அதிலிருந்து மீட்டதும் ஒரு ஃபர்ம்வேர் அப்டேட்தான். பெட்டியைச் சற்று நேரம் அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள், புது ஃபர்ம்வேர் இறங்கிவிடும் என்று மக்களிடம் சொன்னார்கள்.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்களைத் தீநிரல் தாக்கியது. தொழிற்சாலை பாஸ்வேர்டை மாற்றாத மோடம்கள் மாட்டிக்கொண்டன. பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. 2023 அக்டோபரில் அமெரிக்காவில் ஒரே இணைப்பு நிறுவனத்தின் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ரவுட்டர்கள் 72 மணி நேரத்துக்குள் செத்துப்போயின. ரீசெட்டுக்குக்கூட அவை மசியவில்லை, பெட்டிகளையே மாற்றவேண்டி வந்தது. 2024 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை வெளியிட்ட இன்னொரு செய்தி எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. சீன அரசின் ஆதரவு பெற்றது என்று அத்துறை சொன்ன ஓர் ஊடுருவல் குழு, வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் இருந்த நூற்றுக்கணக்கான ரவுட்டர்களைத் தன் மறைவிடமாக வைத்திருந்தது. அவற்றில் பெரும்பாலானவை நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய ரவுட்டர்கள். தயாரிப்பாளர்கள் அவற்றுக்கு அப்டேட் தருவதை நிறுத்தியிருந்தார்கள், அவ்வளவே.

ஆகவே அப்டேட் வேண்டும். காலத்தோடு வர வேண்டும். கருவி உழைக்கும் காலம் வரை வர வேண்டும்.

நம்பிக்கை எப்படிக் கெட்டது

மக்கள் அப்டேட்டைக் கண்டு பயப்படுகிறார்கள் என்றால் அந்தப் பயத்தை உண்டாக்கியவர்கள் நிறுவனங்கள்தான். 2012-இல் சிஸ்கோ தன் லிங்க்சிஸ் ரவுட்டர்கள் சிலவற்றுக்குத் தானாகவே ஓர் அப்டேட்டை அனுப்பியது. மறுநாள் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தவர்கள், நிறுவனத்தின் கிளவுடில் கணக்குத் தொடங்கச் சொல்லும் பக்கத்தைக் கண்டார்கள். சொந்தப் பெட்டியைத் தொட அந்நியரிடம் பதிவு செய்ய வேண்டிய நிலை. எதிர்ப்பு கிளம்பிய பிறகே நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்ப வழியும் காட்டியது.

2017-இல் லாக்ஸ்டேட் என்ற அமெரிக்க நிறுவனம் தன் ஸ்மார்ட் பூட்டுகளுக்கு அப்டேட் அனுப்பியபோது, வேறொரு மாடலுக்கான ஃபர்ம்வேரை அனுப்பிவிட்டது. சுமார் 500 பூட்டுகள் வேலை செய்யாமல் போயின. 2023 மே மாதம் ஏசுஸ் அனுப்பிய பாதுகாப்புக் கோப்பில் இருந்த பிழையால் உலகின் பல பகுதிகளில் அதன் ரவுட்டர்கள் இணைப்பை இழந்தன. ஃபர்ம்வேர் பதிப்பு எண்கூட மாறாத அந்தக் கோப்பு, வீட்டார் யாரும் பார்க்காத பின்வாசல் வழியாக வந்தது. பெட்டிக்குள் வேறு எத்தனை வாசல்கள் திறந்திருக்கின்றன என்ற கேள்வியை அந்தச் சம்பவத்துக்குப் பின்தான் பலர் கேட்கத் தொடங்கினார்கள்.

2025 மார்ச்சில் இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட் கருவிகள் உலகெங்கும் ஒரே நாளில் நின்றன. அவற்றுக்குள் இருந்த டிஜிட்டல் சான்றிதழ் ஒன்று காலாவதியாகியிருந்தது. யாரும் எதையும் தொடாமலே, நாள்காட்டி நகர்ந்ததாலேயே கருவி கெட்ட கதை இது. ஃபேக்டரி ரீசெட் செய்யாதீர்கள், சரிசெய்யும் அப்டேட் வருகிறது என்று கூகுள் அறிவித்தது. அதற்குள் பதற்றத்தில் ரீசெட் செய்தவர்களுக்கு மீண்டு வருவது இன்னும் கடினமாயிற்று. கோளாறு என்றதும் ரீசெட் என்ற பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எங்களுக்குத் தெரியாது.

எங்கள் கோரிக்கைகள்

பொட்டல விதிகளின்படி, கடையில் விற்கும் அட்டைப்பெட்டியின் மேல் அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், ஆண்டு, புகார் சொல்லும் முகவரி எல்லாம் அச்சிட்டிருக்கிறது. அதில் இன்னும் ஒரு வரி சேர வேண்டும்: இந்தக் கருவிக்குப் பாதுகாப்பு அப்டேட் இன்ன தேதிவரை தரப்படும். மருந்துப் பட்டையில் காலாவதித் தேதி இருப்பதைப்போல் அது இருக்க வேண்டும். இதை நடக்காத கனவு என்று யாரும் சொல்ல முடியாது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் வீட்டுக் கருவிகளை விற்பவர் குறைந்தது எத்தனை காலம் பாதுகாப்பு அப்டேட் தருவார் என்று அறிவித்தாக வேண்டும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டு விற்கவும் அங்கே தடை. ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையத் தாங்குதிறன் சட்டம் (சைபர் ரெசிலியன்ஸ் ஆக்ட்) 2024 டிசம்பரில் அமலுக்கு வந்தது, முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் முதல் கட்டாயமாகும். அதன்படி பொதுவாக 5 ஆண்டுக்குக் குறையாமல் ஆதரவு தர வேண்டும். அங்கே விற்பவர்களில் பலர் இங்கேயும் விற்கிறார்கள். அங்கே அச்சிட முடிந்த தேதியை இங்கேயும் அச்சிடட்டும்.

அப்டேட் வரும்முன் வீட்டாருக்கு அறிவிப்பு வர வேண்டும், தமிழில் வர வேண்டும். “செயல்திறன் மேம்பாடுகள்” என்ற வெற்று வரி எங்களுக்குப் போதாது. வைஃபை பாதுகாப்பு முறை மாறுகிறதா, பெயர்கள் இணைகின்றனவா, முகவரிகள் மாறுகின்றனவா, எந்தப் பழைய கருவிகள் பாதிக்கப்படலாம் என்று சொல்ல வேண்டும். அதே அறிவிப்பு அந்தப் பகுதி கேபிள் ஆபரேட்டருக்கும் லைன்மேனுக்கும் அதே நாளில் போக வேண்டும். அவசரப் பாதுகாப்பு ஓட்டைக்கு அப்டேட் உடனே இறங்கட்டும், அதை நாங்கள் தடுக்கமாட்டோம். புதுத் தோற்றம், புது வசதி, கிளவுடு கணக்கு போன்றவற்றை அதற்குள் சுருட்டி வைத்து அனுப்புவதைத்தான் தடுக்கிறோம்.

ரவுட்டருக்குள் இரண்டு ஃபர்ம்வேர்களுக்கு இடம் இருக்க வேண்டும். ஒன்று ஓடும்போது மற்றொன்றில் புதியதை எழுதி, அது சரியாக எழவில்லை என்றால் பழையதற்குத் தானாகவே திரும்பும் ஏற்பாடு பல கருவிகளில் ஏற்கெனவே இருக்கிறது. எழுதும் நடுவில் கரண்ட் போகும் ஊரில் இதைக் கூடுதல் வசதியாகக் கருத முடியாது. இதைத் தராத தயாரிப்பாளர்கள் கொஞ்சம் ஃபிளாஷ் நினைவகத்தை மிச்சம்பிடித்து, அதன் விலையை ஒரு குடும்பத்தின் தலையில் கட்டுகிறார்கள்.

இணைப்பு நிறுவனம் கொடுக்கும் பெட்டியைத் தூரத்திலிருந்து நிர்வகிக்க டி.ஆர்-069 என்ற நெறிமுறை 2004-இலிருந்து இருக்கிறது. அதன் வழியே ஃபர்ம்வேரை மாற்றலாம், செட்டிங்ஸை மாற்றலாம். அது கோளாறைத் தீர்க்க உதவும் கருவி என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால், அந்த வழியாக நம் பெட்டியில் கடைசியாக எப்போது என்ன மாற்றினார்கள் என்ற பதிவேடு வீட்டார் பார்க்கும் செட்டிங்ஸ் பக்கத்திலேயே இருக்க வேண்டும். விரும்புகிறவர் தன் சொந்த ரவுட்டரையே மாட்டிக்கொள்ளும் உரிமையும் வேண்டும். ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல் அது சட்ட உரிமை.

ஆதரவை நிறுத்தும் நாளில் தயாரிப்பாளர் பெட்டியின் பூட்டைத் திறந்துவிட வேண்டும். லிங்க்சிஸ் டபிள்யூ.ஆர்.டி.54ஜி ரவுட்டரின் மூலநிரல் 2003-இல் வெளியானதன் விளைவாக 2004-இல் ஓப்பன்டபிள்யூ.ஆர்.டி. பிறந்தது. தயாரிப்பாளர்கள் கைவிட்ட எத்தனையோ ரவுட்டர்களுக்குத் தன்னார்வலர்கள் இன்றுவரை பாதுகாப்பு அப்டேட் தந்து வருகிறார்கள். அவர்களாலும் எல்லாவற்றையும் காப்பாற்ற முடிவதில்லை. 4 எம்.பி. ஃபிளாஷும் 32 எம்.பி. நினைவகமும் கொண்ட பெட்டிகளை 19.07 வெளியீட்டோடு அவர்களும் விடவேண்டி வந்தது. மலிவாகச் செய்த பெட்டி சீக்கிரம் குப்பையாகும் என்பதை வாங்குபவர் முன்கூட்டியே அறிய வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

நாங்கள் ஏற்கும் கடமைகள்

கேட்பது மட்டும் எங்கள் வேலை அல்ல. இந்த இயக்கத்தில் சேரும் ஒவ்வொருவரும் தம் தெருவில் கோளாறு பார்க்கத் தெரிந்தவராக ஆவார், காசு வாங்காமல் பார்ப்பார்.

பார்க்கும் முறையையும் இங்கே எழுதி வைக்கிறோம். முதலில் விளக்கைப் பார்ப்போம். எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை, ஃபைபரில் கோளாறு. ஃபர்ம்வேரைக் குறை சொல்லாமல் லைன்மேனைக் கூப்பிடுவோம். ஃபைபர் இணைப்பைக் காட்டும் பான் விளக்கு நிலையாக எரிந்தால், ஒரு கணினியை லேன் கேபிளில் மாட்டிப் பார்ப்போம். கேபிளில் இணையம் வந்தால் கோளாறு வைஃபையில். கேபிளிலும் வராவிட்டால் யூசர்நேமும் வி.லேனும் இருக்கின்றனவா என்று பார்ப்போம். ஒரே ஒரு கருவி மட்டும் சேரவில்லை என்றால், அந்தக் கருவியில் வைஃபையை மறக்கச் செய்து மறுபடி சேர்ப்போம். பழைய கருவிகள் மட்டும் சேரவில்லை என்றால், பாதுகாப்பு முறையை டபிள்யூ.பி.ஏ. 2-க்குக் கொண்டுவந்து பார்ப்போம், அல்லது 2.4-க்குத் தனிப் பெயர் வைப்போம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவோம், மாற்றியதை எழுதி வைப்போம். ரீசெட் ஊசியை எல்லாம் முடிந்த பிறகே எடுப்போம். அதற்கு முன் யூசர்நேம், பாஸ்வேர்டு, வி.லேன் எண் மூன்றும் கையில் இருப்பதை உறுதி செய்வோம்.

கையால் ஃபர்ம்வேர் ஏற்றும்போது பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படிப்போம். ஒரே மாடலில் வி1, வி2 என்று வேறு வேறு வன்பொருள்கள் உண்டு, ஒன்றின் ஃபர்ம்வேர் மற்றொன்றைக் கொன்றுவிடும். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டுமே எடுப்போம், லேன் கேபிள் வழியாகவே ஏற்றுவோம், மினி யூ.பி.எஸ். இல்லாமல் தொடமாட்டோம். செட்டிங்ஸை பேக்கப் எடுப்போம், காகிதத்திலும் எழுதுவோம். பழைய பதிப்பில் எடுத்த பேக்கப்பைப் புதிய பதிப்பு சில நேரம் ஏற்றுக்கொள்ளாது.

பெங்களூருக்கு வேலைக்குப் போன மகனின் நினைவில் மட்டும் அட்மின் பாஸ்வேர்டு இருக்கும் வீடுகள் நம் ஊரில் ஏராளம். அந்த வீடுகளில் நாங்கள் முதலில் செய்வது, அம்மாவின் நோட்டில் அதை எழுதி வைப்பது. ஏன் நின்றது, எப்படிச் சரியானது என்று அவர்களுக்குப் புரியும்படி சொல்லாமல் எழுந்து வரமாட்டோம். “உங்களுக்கு இது புரியாதும்மா” என்ற சொல் எங்கள் வாயிலிருந்து வராது.

அப்டேட்டால் வந்த கோளாறுகளை ஊர், மாடல், பதிப்பு எண்ணோடு பதிவு செய்வோம். வீட்டாரின் பெயரையும் எண்ணையும் அதில் சேர்க்கமாட்டோம். இணைப்பு நிறுவனத்திடம் புகார் செய்து புகார் எண் வாங்குவோம். பதில் திருப்தி தராவிட்டால் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போவோம். அந்த வழியைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 ஒழுங்குமுறை எல்லா வாடிக்கையாளருக்கும் கொடுத்திருக்கிறது, பயன்படுத்துவோர் குறைவு. கருவியை விற்றவர்மேல் புகார் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைப்போம். தனித்தனி வீட்டின் முணுமுணுப்பாக இருக்கும்வரை எந்த நிறுவனமும் இதற்குச் செவிசாய்க்காது. ஒரே மாடல், ஒரே பதிப்பு, ஒரே இரவு என்று புகார்கள் ஒன்றாகக் குவிந்தால் மறுக்க முடியாது.

இதைப் படிக்கும் உங்களிடம் ஒன்று கேட்கிறோம். இன்றைக்கே உங்கள் ரவுட்டரைத் திருப்பி, அடியில் இருக்கும் மாடலையும் வன்பொருள் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். செட்டிங்ஸ் பக்கத்தில் ஃபர்ம்வேர் பதிப்பையும் அதன் தேதியையும் பார்த்து அதன் கீழே எழுதுங்கள். அட்மின் பாஸ்வேர்டு இன்னும் தொழிற்சாலையில் வைத்ததாகவே இருந்தால் மாற்றுங்கள். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய் அங்கேயும் இதைச் செய்து கொடுத்துவிட்டு, எங்களோடு வந்து சேருங்கள்.